மெற்றோ அக்காவின் ஆறாம் சரணம்

03.06.2025, செவ்வாய்

காலைப் பூசை. பிரசங்கம் பதினாறு நிமிடம். ஆறு நிமிடத்தில் முடித்திருக்கலாம். வரும் வழியில் கத்தரிக்காய் வாங்கினேன். கடைக்காரர் தராசில் தன் பெருவிரலையும் சேர்த்து நிறுத்தார். திரும்ப நிறுக்கச் சொன்னேன். "சிஞ்ஞோரா, உங்களுக்கு மட்டுந்தான் நான் இரண்டு தரம் நிறுக்கிறேன்" என்று சிரித்தார். சிரிக்கட்டும். இரண்டாம் தரம் சரியாக இருந்தது.

பின்னேரம் மொனிகா வந்தாள். எங்கள் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் ஒன்பது வருடம் என்னிடம் படித்தவள். இப்போது பொலிதேயாமாவில் ஒரு பல்வைத்தியரிடம் வேலை. எண்பத்துநான்கு பக்கம் அச்சுப்படி கொண்டுவந்தாள். ஆகஸ்ட் பதினைந்து மாதா திருநாளன்று வெளியிட ஒரு பாட்டுப் புத்தகம். இந்த ஊரில் நாங்கள் பாடிய எல்லாப் பாட்டும் அதில் வருகிறதாம்.

"ரீச்சர், நீங்கள் ஒருக்காப் பாத்தியளெண்டா ஒரு பிழையும் இராது."

அது உண்மை. ஒப்புக்கொண்டேன். சிவப்புப் பேனை இரண்டு வாங்க வேண்டும்.

07.06.2025

மாதா பாடல்கள் முடிந்தன. இருபத்தாறு பக்கத்தில் நூற்றுப் பத்தொன்பது பிழை. 'அருள்' என்ற சொல்லையே மூன்று விதமாக எழுதியிருக்கிறார்கள். அருளையா என்ற மனிதரோடு இருபத்தொன்பது வருடம் வாழ்ந்தவளின் கையில் அதைக் கொடுத்தும் இருக்கிறார்கள்!

10.06.2025

பக்கம் 61. வரும் என்று தெரியும். வந்தது.

'கலகலப்புப் பாடல்கள்' என்ற தலைப்பின் கீழ் முதலாவதாக.

மெற்றோ வருகுது வழிவிடுங்கோ – அக்கா
மெத்தப் படிச்சவ இடங்குடுங்கோ
பொத்தின கைக்குள்ளை ஆயிரம் லீரா – அதைப்
பொறுப்பாய் வாங்க ஆள்விடுங்கோ!

பலேர்மோவில் நாலு தமிழர் சேர்ந்தால் இந்தப் பாட்டு வந்துவிடும். கலியாண வீட்டில், கடற்கரையில், இந்த ஊரின் காவல் புனிதை றொசாலியா அம்மாவின் குகைக்கு மலை ஏறும்போது, வேதக்காரர் சைவக்காரர் என்ற வித்தியாசம் இல்லாமல். பைலா மெட்டு. தட்ட ஒரு பானை போதும். புதிதாக வந்த ஒரு அக்கா மெற்றோவில் ஏறுகிறா. காசு வாங்க ஒருத்தரும் வரவில்லை. காசு கொடுக்காமல் இறங்க மாட்டேன் என்று இந்த முனைக்கும் அந்த முனைக்கும் போய்ப் போய் வருகிறா. இவ்வளவுதான் கதை.

லீரா போய் யூரோ வந்துவிட்டது. இங்கே பிறந்த பிள்ளைகள் லீராவைக் கண்ணால் கண்டதில்லை. ஆனாலும் பாடுகிறார்கள்.

நான் மட்டும் பாடுவதில்லை. முப்பத்துமூன்றரை வருடமாக அந்தப் பாட்டுத் தொடங்கியதும் எனக்குக் குசினியில் ஏதாவது வேலை வந்துவிடும்.

ஐந்து சரணம் அச்சாகியிருக்கிறது. இரண்டாவதும் மூன்றாவதும் பிழை. அடியில் ஒரு வரி: இயற்றியவர் – தெரியவில்லை.

சிவப்புப் பேனையை மூடி வைத்தேன். மற்றப் பக்கங்களைப் பார்க்கலாம்.

11.06.2025

நித்திரை சரியில்லை. எழுதி வைத்துவிடுகிறேன். இந்தக் கொப்பியை என்னைத் தவிர ஒருவரும் திறப்பதில்லை.

1991 மே மாதம். நான் இந்த ஊருக்கு வந்து பன்னிரண்டாம் நாள். யாழ்ப்பாணத்தில் ரீச்சராக இருந்தவள் நொத்தார்பார்த்தோலோவில் ஒரு சிஞ்ஞோராவின் வீட்டுக்குத் துடைக்கப் போகிறேன். முதல் இரண்டு நாளும் அவர், அருளையா, கூட்டிப்போனார். ரிக்கற்றை அவரே முதல்நாள் வாங்கி வைத்திருந்திருக்கிறார், நான் கவனிக்கவில்லை. மூன்றாம் நாள் தனியே. ஆயிரம் லீரா நோட்டொன்றைக் கையில் தந்தார்.

"மெற்றோ எண்டது நிலத்துக்குக் கீழை ஓடுற பஸ்தான். பயப்பிடாதையும்."

பஸ் என்றார். பஸ் என்றால் கொண்டக்ரர் வருவார், காசை வாங்குவார், ரிக்கற்றைக் கிழித்துத் தருவார். எங்கள் ஊரில் அதுதான் ஒழுங்கு. நாங்கள் ஏறும் ஒர்லேயான் தரிப்பில் ரிக்கற் விற்கும் யன்னல்கூட இருக்கவில்லை. வெளியே சுருட்டுக் கடையில் வாங்கி, மேடையில் உள்ள பெட்டியில் முத்திரை குத்திக்கொண்டு ஏற வேண்டும் என்று யார் எனக்குச் சொன்னது?

ஏறினேன். இருந்தேன். ஒருத்தரும் வரவில்லை. நொத்தார்பார்த்தோலோ வந்தது. காசு கொடுக்காமல் எப்படி இறங்குவது? நான் படித்த கன்னியர் மடத்தில் மதர் சொன்னது அப்படியே காதில் நின்றது: "பயணக் காசைக் குடாமல் இறங்குகிற பிள்ளை, ஊராரின் பையில் கைவிடுகிற பிள்ளை." இறங்கவில்லை. ஜக்கேரி வந்தது. அதுதான் கடைசி. எல்லாரும் இறங்கிப் போனார்கள். வண்டி திரும்பியது. மத்திய நிலையம் வரை போனேன். அங்கும் ஒருத்தரும் வரவில்லை. பிறகும் ஜக்கேரி. இப்படி மூன்று தரம். பாட்டில் அச்சாகியிருக்கிற ஏழு அல்ல. மூன்று.

சீற்றில் நேரே நிமிர்ந்து இருந்தேன். நோட்டை வெளியே தெரியும்படி பிடித்திருந்தேன்.

சிஞ்ஞோரா எங்கள் வீட்டுக்குக் கீழே இருந்த பாருக்கு ரெலிபோன் எடுத்திருக்கிறா. அவரும், அவரோடு ஒரு கடைக் குசினியில் வேலை செய்த ஆனந்தராசாவும் ஓடி வந்து ஒர்லேயான் மேடையில் நிற்க, நான் வண்டியில் அவர்களைக் கடந்து போனேனாம், படத்தில் இருக்கும் மகாராணி மாதிரி. அடுத்த தரம் வரும்போது இருவரும் ஏறினார்கள். இறங்கு என்றார் அவர். மாட்டேன் என்றேன். காசு வாங்க ஆள் வரட்டும்.

அவர் ஒரு நிமிடம் என்னைப் பார்த்தார். பிறகு ஆனந்தராசாவின் தலையில் இருந்த குசினித் தொப்பியைக் கழற்றித் தன் தலையில் வைத்தார். கையை நீட்டினார்.

"ரிக்கற் பிளீஸ், மடம்."

நோட்டைக் கொடுத்தேன். கோப்பி குடித்த துண்டுச் சீட்டு ஒன்றைப் பையில் இருந்து எடுத்து, நடுவில் ஒரு கிழிசல் கிழித்து, என் கையில் தந்தார். அதற்குப் பிறகுதான் இறங்கினேன். எனக்குத் தெரியாதா அது அவர் என்று? தெரியும். ஆனால் ஒரு ஒழுங்கு வேண்டும்.

அன்று பின்னேரம் அந்த ஆயிரம் லீராவுக்கு ஒரு அரஞ்சினா, இந்த ஊர்ப் பொரித்த சோற்றுருண்டை, வாங்கி இருவரும் பாதி பாதியாகச் சாப்பிட்டோம். ஆகவே மெற்றோவுக்குக் காசு போய்ச் சேரவே இல்லை. பாவசங்கீர்த்தனத்தில் சொன்னேன். சுவாமியார் சிரித்துவிட்டார். சிரித்துக்கொண்டு தந்த மன்னிப்புச் செல்லுமோ என்று எனக்கு இன்றைக்கும் சந்தேகம்.

அந்த வருட நத்தாருக்கு ஒன்றுகூடல். அவர் பானையைத் தட்டிக்கொண்டு இந்தப் பாட்டைப் பாடினார்! சனம் விழுந்து விழுந்து சிரித்தது. யார் அந்த அக்கா என்று கேட்டார்கள். "நாப்போலியிலையிருந்து வந்த ஒராளிட்டைக் கேட்ட பாட்டு, எனக்குத் தெரியாது" என்றார். என் பெயரைச் சொல்லவில்லைத்தான். ஆனாலும் நான் பதினொரு நாள் அவரோடு கதைக்கவில்லை. பன்னிரண்டாம் நாள் சத்தியம் செய்தார்: அக்கா யார் என்று சொல்ல மாட்டார். பாட்டைக் கட்டியது தான் என்றும் சொல்ல மாட்டார். ஏனென்றால் அதைச் சொன்னால் இது தெரிந்துவிடும்.

சாகும்வரை சொல்லவில்லை. அந்த மனிதர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார்.

இப்போது அச்சில்: இயற்றியவர் – தெரியவில்லை.

15.06.2025, ஞாயிறு

பூசை முடிய விமலராணி மொனிகாவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறா. நானும் பக்கத்தில்.

"மொனிகா, அந்த மெற்றோ அக்கா எங்கடை பெரியம்மாதான். செலஸ்ரீனாப் பெரியம்மா. அதைக் கீழை ஒரு வரி போட்டுவிடும், பிள்ளை. மனிசி செத்தும் ஆறு வருசமாப் போச்சு."

மொனிகா என்னைப் பார்த்தாள். "நல்லாயிருக்கும், என்ன ரீச்சர்?"

செலஸ்ரீனாவோ! செலஸ்ரீனா மெற்றோவில் ஏறியதே இல்லை. நிலத்துக்குக் கீழே போனால் தலை சுத்தும் என்று ஊர் முழுக்க நடந்து திரிந்த மனிசி. மடத்தில் எட்டாம் வகுப்பு மட்டும் படித்தவ, அதிலும் பாதி நாள் விறாந்தையில் முழங்காலில்.

"விசாரித்துப் போட வேண்டும்" என்று மட்டும் சொன்னேன்.

வீட்டுக்கு வந்து சோற்றுக்கு இரண்டு தரம் உப்புப் போட்டுவிட்டேன். ஏன் கோபம்? நான் வேண்டாம் என்று எறிந்ததை ஒருத்தி எடுத்துக்கொண்டா. அதற்கு எனக்கு என்ன?

16.06.2025

அதற்கு எனக்கு என்ன என்று நேற்று எழுதியிருக்கிறேன். பொய். வரிசைப்படி சொன்னால்: அக்கா செலஸ்ரீனா என்றானால், கட்டியது செலஸ்ரீனாவின் புருசன் என்றாகும். இன்னும் ஒரு வருடத்தில் அப்படித்தான் சொல்வார்கள். அவருடைய பாட்டு அவரிடம் இருந்து போய்விடும்.

அச்சுக்குப் போவது ஆகஸ்ட் ஐந்து.

22.06.2025, ஞாயிறு

மலைக்குப் போனேன். நான் பஸ்ஸில். ஆனந்தராசா வழக்கம்போல வெறுங்காலோடு பழைய கல்வழியால் ஏறி வந்து, குகை வாசலில் வேர்த்துக்கொண்டு நின்றார். சைவக்காரர். ஆனால் முப்பது வருடமாக ஒரு ஞாயிறும் விடுவதில்லை. என்னைவிட மூன்று வயது இளமை, தலையில் ஒரு மயிர் இல்லை.

புத்தகத்தைப் பற்றிச் சொன்னேன். முழுவதும் கேட்டார்.

"சொல்லுங்கோவன் அக்கா, நீங்கள்தானெண்டு."

"நீர் ஆருக்கும் சொல்லிப்போட்டீரோ?"

"ஐயோ! அருளையா அண்ணை சத்தியம் பண்ணேக்கை என்னையும் கற்பூரத்திலை அடிக்க வைச்சவர். இவ்வளவு காலமும் வாயைப் பொத்திக்கொண்டு பானை தட்டினதுதான் மிச்சம்." தொப்பியை எடுத்து விசிறினார். "ஆனா ஒண்டு சொல்லுறன், கோவிக்காதேங்கோ. அண்ணை அந்தப் பாட்டை எத்தினை இடத்திலை கேட்டவர்! 'ஆர் கட்டினதோ தெரியாது, கெட்டிக்காரன்' எண்டு சனம் சொல்லும். அண்ணை ஒண்டும் கதையாமல் தன்ரை கோப்பையைக் கழுவுவார். நான் பக்கத்திலை நிண்டு பாத்திருக்கிறன்."



02.07.2025

மடு மாதா நாள். பூசை நன்று. மண்டபத்தில் சோறு, கோழிக்கறி, மைசூர்ப்பருப்பு. கோழியில் உப்பு ஒரு பொட்டுக் கூட.

பிறகு பிள்ளைகள் மெற்றோ அக்கா பாடினார்கள். குசினிக்குப் போக எழும்பினேன், ஆனால் வாசலில் நின்றேன். இரண்டாம் சரணம்:

காசு குடாமல் களவாய் ஏறி – அக்கா
கதிரைக்குக் கீழை ஒளிச்சிருந்தா

என்று பாடிக்கொண்டு பன்னிரண்டு பதின்மூன்று பேர் கதிரைகளுக்குக் கீழே புகுந்துகொண்டார்கள். சனம் கைதட்டிச் சிரிக்கிறது. விமலராணி கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரிக்கிறா.

களவாயோ? நானோ? நான் ஒளிச்சனானோ? ஒரு சதக் காசுக்கு ஆற்றையும் முகத்திலை முழிக்கப் பயந்தனானோ நான்?

முட்டாள் என்று சிரித்தால் பொறுக்கலாம். கள்ளி என்று சிரிக்கிறார்கள்.

05.07.2025

பக்கம் 61ஐத் திருத்தினேன். இரண்டாம் சரணம் அவர் கட்டியபடி:

காசு குடாமல் இறங்கினாற் பாவம் – எண்டு
கன்னியர் மடத்திலை படிச்சிருந்தா
ஆசனம் விட்டு அசையவும் இல்லை – அக்கா
ஆணி அடிச்சது போலிருந்தா

மூன்றாவதில் 'ஏழு தரம்' வெட்டி 'மூண்டு தரம்'. வேறு ஒன்றும் எழுதவில்லை. அந்தப் பக்கத்தைப் படமெடுத்து மொனிகாவுக்கு அனுப்பினேன். பத்து நிமிடத்தில் ரெலிபோன்.

"ரீச்சர், பிள்ளையளுக்கு அந்த ஒளிக்கிற இடந்தான் விருப்பம்."

"விருப்பம் வேறை, சரி வேறை."

"இதுதான் சரியெண்டு எப்பிடித் தெரியும்?"

"முக்கால் மணி எண்டு தொடங்கிற வரிக்கு மூண்டுதான் மோனை. ஏழு எப்பிடி வரும்?"

"அது மூண்டாவதுக்கு. இரண்டாவதுக்கு ஆதாரம் என்ன, ரீச்சர்? ஆதாரம் இல்லாமல் ஒண்டும் எழுதக்கூடாதெண்டு நீங்கள்தானே எங்களுக்கு அடிச்சுச் சொல்லித்தந்தனீங்கள்?"

நான் அடிக்கவில்லை. அடிமட்டத்தால் மேசையில் தட்டினேன். ரெலிபோனை வைத்தேன்.

14.07.2025

றொசாலியா அம்மாவின் விழா. தெருவெல்லாம் சனம். யன்னலைச் சாத்திக்கொண்டு பக்கம் 70 வரை முடித்தேன்.

20.07.2025, ஞாயிறு

விமலராணி வந்தா. ஒரு பெட்டி கன்னோலி இனிப்பு. கையில் செலஸ்ரீனாவின் படம், புத்தகத்தில் போட.

"ரீச்சர், நீங்கள் ஓமெண்டாத்தான் மொனிகா போடுவாளாம். ஆதாரம் கேக்கிறாள். பெரியம்மா தன்ரை வாயாலை சொன்னது ஆதாரம் இல்லையோ?"

"என்னெண்டு சொன்னவ?"

"எப்பிடியெல்லாம் சொல்லுவா! சீலையை இழுத்துச் செருகிக்கொண்டு, காசைப் பொத்திக்கொண்டு, கதிரையிலை இருந்து காட்டுவா. 'நான் என்ன செய்ய பிள்ளை, ஒரு கோதாரியும் வரேல்லையே' எண்டுவா. ஆசுப்பத்திரியிலை கடைசிக் கிழமை, நேர்சுமாருக்குத் தனக்குத் தெரிஞ்ச இத்தாலியனிலை சொல்லிக்காட்டினவ. அவளவை வயித்தைப் பிடிச்சுக்கொண்டு சிரிச்சவளவை. மூக்கிலை குழாய் ரீச்சர், குழாயோடை சிரிச்சா."

கடித்த கன்னோலியைத் திரும்பப் பெட்டியில் வைத்தேன்.

"நல்ல மனிசி" என்றேன்.

படத்தை வாங்கி வைத்துக்கொண்டேன்.

21.07.2025

செலஸ்ரீனாவின் படம் மேசையில் இருக்கிறது. வாய் முழுக்கச் சிரிப்பு, முன்பல் ஒன்று இல்லை, அதைப் பற்றிக் கவலையும் இல்லை.

நான் அலுமாரிக்குள் ஒளித்து வைத்த முட்டாள்தனத்தை அவ எடுத்து உடுத்திக்கொண்டு ஊர்கோலம் போயிருக்கிறா. அவவுக்கு அது அழகாகவும் இருந்திருக்கிறது. பொய் சொன்னா என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் உண்மையும் உண்மைதானே?

இந்தப் பாட்டு ஏன் இன்னும் நிற்கிறது என்று இன்றைக்குத்தான் யோசித்தேன். இதைவிட நல்ல பாட்டு எத்தனையோ அவர் கட்டினார். ஒன்றும் நிற்கவில்லை. இங்கே வந்து இறங்கிய எல்லாருக்கும் இப்படி ஒரு நாள் இருந்திருக்கிறது போல. வதிவிட அனுமதிக்குப் போகும் பொலிஸ் கந்தோரான குவெஸ்தூராவில் தன் இலக்கத்தைக் கூப்பிட்ட பிறகும், பெயரைச் சொல்லிக் கூப்பிடட்டும் என்று பின்னேரம் மட்டும் இருந்தவர் ஆனந்தராசா. விமலராணி முதல் மாதம் முழுக்கச் சிஞ்ஞோரா "சாப்பிடு" என்று மூன்று தரம் கேட்கட்டும் என்று பட்டினி கிடந்தவ. இவர்கள் ஒரு தரந்தான் கேட்பார்கள் என்று அவவுக்கு யார் சொன்னது? ஒவ்வொருவரும் அந்தப் பாட்டுக்குள் தங்கள் தங்கள் வண்டியில் இருக்கிறார்கள். அதனால்தான் அக்காவுக்குப் பெயர் தேவைப்படவில்லை.

ஆனால் கட்டியவருக்குத் தேவை.

30.07.2025

பக்கம் 61இன் அடியில் சிவப்பில் எழுதினேன். 'தெரியவில்லை' என்பதை ஒரே கோட்டில் வெட்டினேன்.

இயற்றியவர்: அருளையா. அந்த அக்கா: அவருடைய மனைவி அகஸ்ரீனா, அதாவது நான். பாட்டுக்கு ஆறாம் சரணம் உண்டு.

அந்த ஆறாவதை அவர் சபையில் பாடியதே இல்லை. பதினொரு நாள் கோபம் முடிந்த பன்னிரண்டாம் நாள், குசினியில், பானை இல்லாமல், பாணை வெட்டும் பலகையில் விரலால் தட்டிக்கொண்டு பாடினார். எனக்கு மட்டும். அதை ஒரு தனிக் கடதாசியில் எழுதி உள்ளே வைக்கப் போனேன். பிறகு வைக்கவில்லை. கையெழுத்தில் கொடுக்கும் சரணம் அல்ல அது.

அச்சுப்படியை மொனிகாவின் பல்வைத்தியசாலையில் கொடுத்துவிட்டு வந்தேன். வாசலில் ஒரு முறை திரும்பிப் பார்த்தேன். போய் வாங்கிவிடலாமோ? வாங்கவில்லை.

31.07.2025

"ரீச்சர், பகிடி விடுறியளோ?"

இல்லை என்றேன்.

"இல்லை ரீச்சர்... நீங்களோ? நீங்கள் பஸ் வர இருபது நிமிசத்துக்கு முந்தியே ரிக்கற்றும் கையுமா நிக்கிற ஆள்."

ஏன் நிற்கிறேன் என்று நினைத்தாய், மொனிகா?

விமலராணி அழுகிறாவாம். ஞாயிறு பூசைக்குப் பிறகு மண்டபத்தில் கதைப்போம் என்கிறாள். அங்கே நான் நின்று, நான்தான் அந்த மடைச்சி என்று நிரூபிக்க வேண்டும். எழுபத்துநாலு வயதில்.

03.08.2025, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

மண்டபத்தில் மொனிகா, விமலராணி, புத்தகக் குழுவில் இன்னும் நாலைந்து பேர். ஆனந்தராசா திருநாளுக்குக் கதிரை ஏற்றிவந்த வானோடு வந்தவர், இறக்கிவிட்டு உள்ளே வந்து சுவரோடு நின்றார்.

விமலராணி என் முகத்தைப் பார்க்கவில்லை. "ரீச்சருக்கு எங்கடை பெரியம்மாவை எப்பவும் பிடியாது. படிப்பில்லாத மனிசியெண்டு."

அது முழுப் பொய் என்று சொல்ல முடியாது.

மொனிகா மெல்லமாகக் கேட்டாள். "ஆறாவது சரணம் இருக்கெண்டு எழுதியிருக்கிறியள். இஞ்சை ஒருத்தரும் கேட்டதில்லை. சொல்லுவியளோ?"

சொல்ல முடியாது, அது பாட்டு. எழும்பி நின்றேன். தொண்டையைச் சரிப்படுத்தினேன். சுருதி எங்கே போனதோ, கடவுளுக்குத்தான் தெரியும். பின்னால் மேசையில் யாரோ விரலால் தட்டுகிற சத்தம். ஆனந்தராசா. சரியான காலம்.

எல்லாரும் இறங்கிப் போன வண்டி – அதிலை
என்ரை மனிசி தனிச்சிருந்தா
பொல்லாத ஊரிலை நேர்மையாய்ப் போக – ஒரு
பொம்பிளை எனக்கெண்டு கிடைச்சிருந்தா

முடித்தேன். நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். கண்ணாடியில் ஒன்றும் இருக்கவில்லை.

ஆனந்தராசாதான் முதலில். "நான் சாட்சி. நானும் அண்ணையும் சேந்துதான் இறக்கினது. தொப்பி என்ரை தொப்பி. இப்ப சொல்லலாமோ அக்கா?"

"சொல்லும்" என்றேன்.

சொன்னார். தொப்பி, நீட்டிய கை, "ரிக்கற் பிளீஸ், மடம்," கிழித்த சீட்டு – எல்லாம். மகாராணி மாதிரி என்ற இடத்தில் எழும்பி, கழுத்தை நீட்டி நடித்தும் காட்டினார். எல்லாரும் சிரித்தார்கள். விமலராணி சிரிக்கக்கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தா, பிறகு அவவுக்கும் வெடித்துவிட்டது. சிரித்து, அதிலிருந்து அழுதா.

"அப்ப பெரியம்மா சொன்னதெல்லாம்?"

நான் அவவுக்குப் பக்கத்தில் போய் இருந்தேன். இதை நான் முதலே யோசித்து வைத்திருக்கவில்லை.

"விமலராணி, நான் இந்தக் கதையை முப்பத்துமூண்டரை வருசம் பெட்டிக்குள்ளை பூட்டி வைச்சிருந்தனான். அவ ஆசுப்பத்திரிக் கட்டில்வரைக்கும் காவிக்கொண்டு போயிருக்கிறா. பெத்தது நானெண்டால் வளத்தது அவ. அவவின்ரை படம் கட்டாயம் போட வேணும்."

மொனிகா எழுதினாள்: இயற்றியவர் அருளையா. பயணம் செய்தவர் அகஸ்ரீனா. ஊரெங்கும் நடித்துப் பரப்பியவர் செலஸ்ரீனா.

"பரப்பியவர் வேண்டாம், நோய் மாதிரி இருக்கு. 'நிலைக்கச் செய்தவர்'" என்று திருத்தினேன்.

"அப்ப அந்த ஒளிக்கிற வரி?" என்றாள் மொனிகா. "பிள்ளையள் என்னைக் கொண்டுபோடுவினம்."

மேலே அவர் கட்டியது. கீழே சிறிய எழுத்தில், பாடபேதம்: பிள்ளைகள் பாடுவது. அப்படித்தான் பெரிய நூல்களிலும் செய்வார்கள். எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள்.

பதினொரு நாளும் நான் அவரோடு கதைத்திருக்கலாம்.

04.08.2025

ஜெனோவாவில் இருந்து மகன் ஜெனிஸ்ரன் ரெலிபோன் எடுத்தான். செய்தி எனக்கு முந்தி அங்கே போயிருக்கிறது.

"அம்மா, அது நீங்களோ?"

"ஓம்."

பிறகு அவன் சிரித்த சிரிப்பு அச்சாக அவருடையது. காதில் வைத்தபடியே இருந்தேன்.

15.08.2025, வெள்ளி

மாதா திருநாள். பிறகு ஸ்ஃபெர்ராகவால்லோ கடற்கரையில் எல்லாரும். புத்தகம் வந்தது. எண்பத்துநான்கு பக்கத்தில் இரண்டு பிழை. இரண்டும் நான் பார்த்த பிறகு அச்சகத்தில் நுழைந்தவை.

மெற்றோ அக்கா தொடங்கியது. எழும்பக் காலை ஊன்றினேன். விமலராணி தோளில் கையை வைத்து அமத்தினா. "எங்கை போறியள்? இண்டைக்குக் குசினியும் இல்லை." உண்மைதான், கடற்கரை.

நடுவில் ஒரு கதிரை வைத்து என்னை இருத்தினார்கள். பிள்ளைகள் எங்கிருந்தோ கடதாசித் தொப்பி செய்துகொண்டு வந்து, வரிசையாகக் கையை நீட்டினார்கள். "ரிக்கற் பிளீஸ், மடம்! ரிக்கற் பிளீஸ்!" பதினான்கு கை. ஒவ்வொன்றிலும் ஒரு அடி போட்டேன், மெல்லமாக. பிறகு கதிரைக்குக் கீழே புகுந்துவிட்டார்கள். பாடபேதம்.

ஆறாவது சரணத்துக்கு எல்லாரும் என்னைப் பார்த்து நிறுத்தினார்கள். பாடினேன். ஆனந்தராசா பானையில். காற்று நல்ல காற்று.

19.08.2025, செவ்வாய்

காலை பத்து மணிக்கு மத்திய நிலையம். ரிக்கற் இரண்டு வாங்கினேன். இரண்டையும் பெட்டியில் விட்டு முத்திரை குத்தினேன். இப்போது ஜக்கேரிக்கு நேரே போக முடியாது, நொத்தார்பார்த்தோலோவில் மாற வேண்டும். மாறினேன்.

ஜக்கேரிக்குக் கிட்ட வர, பரிசோதகர் வந்தார். இளம் ஆள், தொப்பி இல்லை. முப்பத்துநான்கு வருடம் பிந்தி வருகிறார், மன்னிப்பும் கேட்கவில்லை.

இரண்டு ரிக்கற்றையும் நீட்டினேன். பக்கத்து வெறுஞ்சீற்றைப் பார்த்தார்.

"சிஞ்ஞோரா, ஒன்று போதுமே. மற்றது யாருக்கு?"

"அதுவும் எனக்குத்தான், ஒரு பழைய பயணத்துக்கு" என்றேன். "இரண்டையும் பாருங்கள்."

பார்த்தார்.

ஜக்கேரியில் இறங்கினேன்.